மார்ச் வரைக்கும்

கஸ்தோன் சொன்ன நேரம் பதினொரு மணி. நெலிடா அதற்கு வெகு முன்பே நோட்டரி அலுவலகத்துக்கு வந்து டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவன் வந்தால் போதும். வந்து ஒரு கையெழுத்து, ஒரு கைநாட்டு. அதோடு அவளுடைய பதினான்கு வருஷத்துச் சிலி வாழ்க்கை முடிந்தது. புதன்கிழமை காலையில் அவளும் மகள் இசிதோராவும் பஸ் ஏறலாம். வடக்கே அரிக்கா வரைக்கும் பாலைவனத்தில் ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல். அதைத் தாண்டினால் எல்லை. எல்லையைத் தாண்டினால் பெரு. அப்புறம் அரெக்கிப்பாவில் தம்பி ஃப்ரெடியின் வீடு.

இசிதோரா பிறந்தது சாந்தியாகோவில். அப்பா சிலிக்காரன். பிரிந்து நாலு வருஷம் ஆனாலும் அப்பா அப்பாதான். அவன் எழுதிக் கொடுக்காமல் பதினொரு வயசுப் பிள்ளையை எந்த அம்மாவும் எல்லை தாண்டிக் கூட்டிப்போக முடியாது. ஆகஸ்டில் கேட்க ஆரம்பித்தாள். "பாக்கலாம்", "அடுத்த வாரம்", "இப்ப லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு, அப்புறம் பேசறேன்" என்றே நாலு மாசம் ஓடியது. போன திங்கட்கிழமைதான், "சரி நெலி, வெள்ளிக்கிழமை வந்து போட்டுத் தரேன்" என்றான். போனை வைத்துவிட்டு அவள் சமையலறையில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அலுவலகத்து மூலையில் கிறிஸ்துமஸ் மரம். பனி மாதிரி பஞ்சு ஒட்டியிருந்தார்கள். சிலியில் டிசம்பர் கோடைக்காலம். வெயிலுக்கு அந்தப் பஞ்சைப் பார்த்தாலே வியர்த்தது.

அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். கஸ்தோன் வரவில்லை, முறை போய்விட்டது. இன்னொரு டோக்கன் எடுத்தாள்.

கஸ்தோன் கம்பெனிச் சட்டையோடு, கையெல்லாம் கிரீஸோடு ஓடிவந்தான். லிஃப்ட் மெக்கானிக். அவன் தாமதத்துக்கெல்லாம் எப்போதும் எங்கேயாவது ஒரு லிஃப்ட் இருக்கும்.

"மன்னிச்சுக்கோ நெலி. ஒரு பெரியவர் அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. கூட நாய் வேற. அது ஊளையிட்ட ஊளையில பில்டிங்கே தெருவுக்கு வந்துடுச்சு."

"என் நம்பர் போயிடுச்சு."

"திட்டிடேன் ஒரு வாட்டி. மனசு ஆறும்."

"திட்டறதுக்கா வரச் சொன்னேன்?"

இரண்டாவது எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடி போட்ட கிளார்க் அம்மாள் இருவருடைய அடையாள அட்டையையும் வாங்கி, கம்ப்யூட்டரில் இருந்த வாசகத்தைத் தூக்கக் கலக்கத்தோடு படித்தாள். "இசிதோரா ரிகெல்மே மாமானி என்ற என் மகள், தன் தாயுடன் சிலியிலிருந்து பெரு நாட்டுக்குச் செல்லவும், அங்கே காலவரையறை இன்றி வசிக்கவும் நான் சம்மதிக்கிறேன்..."

"அது வேணாம். தேதி போடுங்க," என்றான் கஸ்தோன்.

"என்ன தேதி சார்?"

"மார்ச் ஒண்ணு. ஸ்கூல் லீவு முடியற வரைக்கும்."

நெலிடா அவன் பக்கம் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்காமல் கிளார்க்கின் மேசையிலிருந்த பேனா டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்ற நீ?"

"லீவுக்குக் கூட்டிட்டுப் போ. மாமா, தாத்தா எல்லாரையும் பாக்கட்டும். மார்ச்ல கொண்டாந்து விட்டுடு."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கிளார்க் அம்மாள் இந்த மாதிரி எத்தனையோ பார்த்தவள் போலிருந்தது. "அந்தப் பக்கம் போய்ப் பேசி முடிச்சுட்டு வாங்கம்மா. அடுத்தவங்களைப் பாத்துடறேன்," என்றாள்.

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

"திங்கக்கிழமை என்ன சொன்ன?"

"கையெழுத்துப் போடறேன்னு சொன்னேன். போடறேன்ல?"

"லீவுக்கா கேட்டேன் நான்? ஃப்ரிட்ஜை வித்தாச்சு. கட்டிலை வித்தாச்சு. வீட்டுக்காரர்கிட்ட காலி பண்றேன்னு எழுதிக் கொடுத்தாச்சு. லீவுக்குப் போறவ கட்டிலை விப்பாளா?"

"நீ போ நெலி. உன்னை யாரு தடுக்கறா?"

"அவளை விட்டுட்டா?"

அவன் கையில் இருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தான். அது போகவில்லை.

"உங்கப்பா நல்லாத்தானே இருக்காரு?" என்றான்.

"நல்லா இருக்காரு."

"ஃப்ரெடி?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அப்புறம் எதுக்கு? இங்க வேலை இருக்கு. உன்னை யாரும் துரத்தலை. அங்க யாரும் சாகக் கிடக்கலை. எதுக்குன்னுதான் கேக்கறேன்."

இதே கேள்வியை எல்லோரும் கேட்டாகிவிட்டது. அவள் முடிவெட்டும் பார்லரின் முதலாளியம்மா கேட்டாள். எதிர் வீட்டுக்காரி கேட்டாள். ஃப்ரெடியே கூட, "வாக்கா, வா" என்று சொல்லிவிட்டு, "ஆமா, அங்க என்ன ஆச்சு?" என்று கேட்டான். ஒன்றும் ஆகவில்லை. அதை எப்படிச் சொல்வது?

போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது ஒன்று நடந்தது. கவுன்டரை நெருங்க நெருங்க, கேட்கப்போகும் கேள்வியை வாய்க்குள் சிலிக்காரி மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தையின் கடைசியை முழுங்கி, வேகமாக, இங்கத்து இழுப்போடு. யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதற்காக. பத்து வருஷமாக அப்படித்தான் செய்கிறாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டுக்கு வந்து அதே கேள்வியைத் தன் ஊர் வாயால் கேட்டுப் பார்த்தாள். வரவில்லை. ஃப்ரெடிக்குப் போன் செய்தால் அவன் பெண்டாட்டி, "அண்ணி பேசறதைக் கேளுங்க, சிலிக்காரியேதான்!" என்று சிரித்தாள்.

அன்றைக்கு முடிவு செய்தாள். இதைப் போய் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று எந்த ஆம்பிளைக்கு விளக்குவது?

"எனக்குப் போகணும். அவ்வளவுதான்."

"அது ஒரு காரணமா?"

"நீ வீட்டை விட்டுப் போனப்போ நான் காரணம் கேட்டேனா?"

கஸ்தோன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இது யஸ்னா சொல்லிக் கொடுத்ததா?" என்றாள். யஸ்னாதான் இப்போது அவனோடு இருப்பவள்.

"அவளை இழுக்காதே. அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்போ யாரு?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். "யாருமில்ல. நான்தான். என் புத்தி அப்படின்னு வெச்சுக்கோ."

நெலிடாவுக்கு அது விநோதமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் ஒரு பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு அவள் கேட்டதில்லை. ஆனால் அதை யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. கிளார்க் அம்மாள் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"தேதியோடதானே? போடட்டுமா, வேணாமா?"

"போடுங்க," என்றாள் நெலிடா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கிளார்க் அம்மாள் தட்டினாள். கையெழுத்து ஆனது. கைநாட்டு வைக்கும்போது கிரீஸில் ரேகை விழவில்லை. "கையைக் கழுவிட்டு வாங்க சார்," என்று அனுப்பினாள். அவன் போன சமயத்தில் நெலிடாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"தேதிக்குள்ள பிள்ளை திரும்பலைன்னா அவரு கோர்ட்டுக்குப் போகலாம்மா. அந்த ஊரு கோர்ட்டே திருப்பி அனுப்பச் சொல்லும். தெரிஞ்சுக்கிட்டு வாங்கிட்டுப் போங்க."

நெலிடா தலையாட்டினாள்.

கஸ்தோன் ஈரக் கையோடு வந்து கட்டைவிரலை அழுத்தினான். வாசலில் அவன் போன் அடித்தது. எங்கேயோ ஒரு லிஃப்ட்.

"இசிகிட்ட ராத்திரி பேசறேன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி ஓடினான்.

உலர்ந்த பீச் பழமும் வேகவைத்த கோதுமையும் போட்ட குளிர்பானம் விற்கும் தள்ளுவண்டியின் குடை நிழலில் நின்றுகொண்டு நெலிடா ஃப்ரெடிக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"இதுக்கா அழற?" என்றான் ஃப்ரெடி. "எல்லையில ஒரு பேப்பர் கேப்பாங்க. பேப்பர் இருக்குல்ல? தாண்டி வந்துடு."

"தேதி போட்டிருக்குடா."

"தேதி போட்டா? தேதி வந்தா வந்துட்டுப் போவுது. அவன் இங்க வந்து தேடுவானா? ஒரு லிஃப்டை விட்டுட்டு இன்னொரு இடத்துக்கு நேரத்துக்குப் போகத் தெரியாதவன், அவனா கோர்ட் கோர்ட்டா அலையப்போறான்?"

"தப்பில்லையா ஃப்ரெடி?"

"பெத்தவ பிள்ளையைக் கூட்டிட்டு வர்றது என்னக்கா தப்பு? நான் நேத்தே ஸ்கூல்ல பேசிட்டேன். நம்ம தெருவுலயே. சீட் இருக்குன்னா உடனே சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. இங்கயும் மார்ச்லதான் திறக்கறாங்க. நீ மத்ததை யோசிக்காதே."

அவள் சரி என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஃப்ரெடி அவள் சொல்லிவிட்டது போலவே, "சரிக்கா, அப்போ அப்படியே பண்ணிடலாம்," என்று வைத்துவிட்டான்.

பார்லரில் அன்றைக்கு அவளுக்குக் கடைசி நாள். முதலாளி ஒத்தீலியா அம்மாள் ஒரு கேக் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் நெலிடா வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பாசம் அதிகமானால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"சாந்தியாகோவுல முடி தீந்துடுச்சா, பெருவுக்குப் போய் வெட்டறதுக்கு?" என்றாள், ஒரு வாடிக்கையாளரின் தலையை உலர்த்திக்கொண்டே. "உன் கையில தலையைக் கொடுத்துப் பழகினதுங்க எல்லாம் நாளையிலிருந்து என் உயிரை எடுக்கப்போவுதுங்க."

"நீங்கதானேம்மா எனக்கு வெட்டவே சொல்லிக் கொடுத்தீங்க."

"அதான் தப்பு. சொல்லிக் கொடுத்தேன் பாரு."

நெலிடா சிரிக்கப் பார்த்தாள். பையில் இருந்த அந்தக் காகிதம் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது.

மதியத்துக்கு மேல் கதவு திறந்தது. யஸ்னா நின்றாள்.

நெலிடா அவளை அதற்கு முன் இரண்டு மூன்று தடவை, இசியைக் கூட்டிப்போக வரும் வண்டிக்குள் வைத்துத்தான் பார்த்திருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம். இப்போது முழுசாகப் பார்த்தாள். முகத்தை அல்ல, வயிற்றை. நன்றாக மேடிட்ட வயிறு. அதன் மேல் ஒரு துணிப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க, வேலை நேரத்துல வந்துட்டேன்," என்றாள் யஸ்னா. "இது இசியோடது. ரெண்டு ஸ்வெட்டர், நீச்சல் டிரெஸ், செருப்பு. காலையில உங்ககிட்ட கொடுக்கறேன்னு எடுத்துட்டுப் போனாரு. மத்தியானம் சாப்பிட வந்தப்போ பாத்தா வண்டியிலயே கிடக்கு. உங்க ஊர்ல ராத்திரி குளிரும்னு இசி சொன்னா. அதான் நானே..."

"எப்போ?" என்றாள் நெலிடா.

"என்னது?"

"குழந்தை."

"பிப்ரவரி கடைசில." யஸ்னாவின் முகம் மாறியது. "இசி சொல்லலையா?"

ஒத்தீலியா அம்மாள் டிரையரை அணைத்தாள்.

"சொன்னா, சொன்னா," என்றாள் நெலிடா. "வேலை மும்முரத்துல மறந்துட்டேன். உக்காரு. இந்த வெயில்ல நடந்தா வந்த?"

யஸ்னா உட்காரவில்லை. பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது நெலிடாவுக்கும் தெரிந்தது.

"பேரு கூட அவதான் பாத்து வெச்சா," என்றாள் யஸ்னா மெதுவாக. "நீங்க எங்களைப் பத்தி எதுவும் கேக்கறதில்லன்னு சொல்லுவா. ஆனா இது உங்களுக்குத் தெரியும்னே நினைச்சுட்டேன்."

ஒத்தீலியா அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து யஸ்னா கையில் திணித்து, அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். அப்புறம் வாடிக்கையாளரை, "வாங்க, கேக் சாப்பிடலாம்," என்று பின்பக்கம் கூட்டிப்போனாள். பாதி உலர்ந்த தலையோடு அந்த அம்மாளும் எழுந்து போனாள்.

"ஒண்ணு சொல்லிடறேங்க," என்றாள் யஸ்னா. "நான் முழுசா எழுதிக் கொடுக்கத்தான் சொன்னேன். பொண்ணு அம்மாகூடத்தான் இருக்கணும்னு எங்கம்மா மேல சத்தியமா சொன்னேன். ரெண்டு நாளா வீட்ல இதே சண்டை. இசிக்கு வாக்குக் கொடுத்துட்டேன், மீற முடியாதுன்னு ஒரே பிடிவாதம்."

"என்ன வாக்கு?"

யஸ்னா டம்ளரைப் பார்த்தாள். "ஐயோ. அவரு அதையும் சொல்லலையா?"

"நீ சொல்லு."

"நான் சொல்லக் கூடாதுங்க."

"பாதி சொல்லிட்ட. மிச்சத்தை நான் கற்பனை பண்ணினா அது இதைவிட மோசமா இருக்கும். சொல்லிடு."

யஸ்னா சொன்னாள். செவ்வாய்க்கிழமை இசி அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறாள். அப்பா, எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுடாதீங்க, நான் திரும்பி வர்ற மாதிரி போடுங்க என்று அழுதிருக்கிறாள். நான் கேட்டேன்னு அம்மாவுக்குத் தெரியக் கூடாது, நீங்களே சொன்ன மாதிரி இருக்கட்டும் என்றும் கேட்டிருக்கிறாள். அவன் சரி என்றிருக்கிறான்.

"அவருக்கு வாக்கெல்லாம் காப்பாத்தி எங்க பழக்கம்?" என்றாள் யஸ்னா. "இது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டாரு. உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்து சாப்பிடாம உக்காந்திருந்தாரு."

நெலிடா துணிப்பையை வாங்கிக்கொண்டாள். "வெயில் தணிஞ்சதும் போ," என்றாள். யஸ்னா போனபிறகும் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டே போனாள். கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாக அடுக்கினாள். மூன்று மாடி ஏறுவதற்குள் அடுக்கினதெல்லாம் கலைந்துவிட்டது.

வீட்டில் அநேகமாக ஒன்றும் இல்லை. ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்து, தரையில் உட்கார்ந்து, தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள் இசிதோரா. சாயங்காலச் சாப்பாட்டுக்கு ரொட்டியையும் அவகாடோவையும் எடுத்து வைத்திருந்தாள். கெட்டில் பக்கத்திலேயே இருந்தது. அம்மாவின் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தாள். சுற்றுவதை நிறுத்தினாள்.

"யஸ்னா வந்தாளா?"

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"எதை?"

"எதைன்னா? எத்தனை இருக்கு?"

இசி தட்டைக் கீழே வைத்தாள். பதினொரு வயசுக்கு அவளுக்கு மோவாய் கொஞ்சம் அழுத்தமானது. கஸ்தோனின் மோவாய். அதைத் தூக்கிக்கொண்டாள்.

"பாப்பா விஷயம் சொன்னா நீ அழுவேன்னு நினைச்சேன்."

"நான் ஏன் அழணும்? எனக்கும் அவங்களுக்கும் என்ன?"

"அப்பா போனப்போ அழுத. யஸ்னா போட்டோவைப் பாத்தப்போ குளிக்கற ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டு அழுத. எனக்குக் கேட்டுச்சு."

நெலிடா தரையில் உட்கார்ந்தாள். உட்கார வேறு இடம் இல்லை.

"அது இருக்கட்டும். கையெழுத்து? என்னைக் கேட்டிருக்கலாமே. எங்கிட்ட வந்து, அம்மா எனக்கு வரப் பிடிக்கலைன்னு..."

"பிடிக்கலைன்னு சொல்லலையே நான்!" இசியின் குரல் காலி வீட்டில் பெரிதாகக் கேட்டது. அவளே பயந்து குரலைத் தாழ்த்தினாள். "வரேம்மா. வரத்தான் போறேன். ஆனா அங்கேயே இருக்கணும்னா... ஃப்ரெடி மாமா பையன் போன்லயே என்னைச் சிலிக்காரின்னுதான் கூப்பிடறான். இங்க ஸ்கூல்ல பெருக்காரி மகள். ரெண்டு இடத்துலயும் நான் வேற ஊருக்காரிதானா? அப்புறம் பாப்பா பொறக்கும்போது நான் இங்க இருக்க மாட்டேன். அது என்னை யாருன்னே தெரியாம வளரும்."

"இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ ஊருக்குப் போறதைப் பத்திப் பேசும்போது உன் முகம் வேற மாதிரி ஆவுது. அழகா ஆவுது. அதை நான் கெடுக்கக் கூடாதுன்னு நினைச்சேன்." இசி மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "அப்பா கெடுத்தா பரவாயில்ல. அவரு மேலதான் உனக்கு ஏற்கெனவே கோவம் இருக்கே."

நெலிடா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். இப்போதெல்லாம் இசி மடியில் அடங்குவதில்லை. கால் இரண்டும் செய்தித்தாள் மேல் நீண்டு கிடந்தன. கீழே தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டே இருந்தார்கள்.

"அம்மா."

"ம்."

"பேப்பர்ல மார்ச் ஒண்ணுதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்போ அதுக்குள்ள திரும்பி வந்துடுவோம்தானே? நீயும் வருவதானே? இங்க வேற வீடு பாத்துக்கலாம். சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

"வந்துடுவோம்," என்றாள் நெலிடா.

அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தபோது அவளுக்குத் திக்கென்றது.

இசி எழுந்து கட்டிப்பிடித்தாள். முகத்தைக் கழுவினாள். உடனே அப்பாவுக்குப் போன் செய்தாள். "அப்பா, அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுடுச்சு. கோவப்படலை. மார்ச்ல வந்துடுவோம்னு சொல்லிட்டாங்க... ஆமா, அவங்களேதான்... இருங்க தரேன்."

நெலிடா போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"நெலி," என்றான் கஸ்தோன். பக்கத்தில் எங்கேயோ சட்டி உருளும் சத்தம். யஸ்னா சமைக்கிறாள் போல. "காலையில உன்னை ரொம்பப் பேசிட்டேன்."

"நான்தான் பேசினேன்."

"அதுவும் சரிதான்." கொஞ்சம் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. நீ மார்ச்ல வருவேன்னு நான் நம்பலை. உன்னை எனக்குத் தெரியும். கட்டிலை வித்தவ நீ. ஆனா அவ நம்பறா. அதுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அதோடு அவன் வைத்துவிட்டான்.

போனைக் கீழே இறக்கும்போது திரையில் ஃப்ரெடியின் செய்தி தெரிந்தது. 'அக்கா, சீட் இருக்காம். இன்னைக்கே பேரைக் கொடுத்தாதான் வெச்சிருப்பாங்களாம். கொடுத்துடவா?'

எட்டு மணி ஆகியும் வெளிச்சம் போகவில்லை. எதிர்ச் சுவரில் வெயிலின் கடைசித் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சமையலறையில் இசி எதையோ பாடிக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இந்த வாரம் முழுக்க அவள் பாடவே இல்லை என்பது இப்போதுதான் நெலிடாவுக்கு நினைவு வந்தது.

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுத ஆரம்பித்தாள். அழித்தாள். அந்த ஆஸ்பத்திரி வரிசையும், அங்கே வாய்க்குள் ஓட்டிப் பார்த்த அந்தக் கேள்வியும் மனசுக்குள் வந்து நின்றன. திரும்பி வந்தால் மறுபடி அதே வரிசை. அதே வாய்.

'கொடுத்துடு' என்று எழுதி அனுப்பினாள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஒரு ஆள், கையைப் பிடித்தபடி ஆறு ஏழு வயசில் ஒரு பெண் குழந்தை. "சைக்கிள் விக்க இருக்குன்னு போட்டிருந்தீங்களே. போன்ல பேசினேனே, நாளைக்கு வரேன்னேன். இவ விடலை, இன்னைக்கே பாக்கணும்னு ஒரே அடம்."

சைக்கிள் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. சிவப்பு. அந்தக் குழந்தை அப்பாவின் கையை உதறிவிட்டு உள்ளே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டது.

சமையலறையிலிருந்து இசி ஓடிவந்தாள். "அம்மா, இதை விக்க வேணாம்! மார்ச்ல வந்து நான் எதை ஓட்டுவேன்? அப்பா வீட்ல போட்டுட்டுப் போலாம். யஸ்னா ஒண்ணும் சொல்ல மாட்டா."

அந்த ஆள் நெலிடாவைப் பார்த்தார். இசியும் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கங்க," என்றாள் நெலிடா. "விக்கலை. நாங்க திரும்பி வர்றோம்."

"என்னங்க இது, நேத்து வரைக்கும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக ஹேண்டில்பாரிலிருந்து பிரித்தார். அது அழ ஆரம்பித்தது. படிக்கட்டு முழுக்க அந்த அழுகை கீழே இறங்கிப்போனது.

நெலிடா கதவைச் சாத்தினாள். கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. 'பேரு கொடுத்தாச்சுக்கா! அப்பாகிட்ட சொல்லிட்டேன். கிழவர் குதிக்கிறாரு!'

ஹாலில் மேசை இல்லை, நாற்காலி இல்லை, சோஃபா இல்லை. இசி சைக்கிளில் ஏறி, சுவருக்குச் சுவர் வளைத்து வளைத்து ஓட்டினாள். மணியை அடித்துக்கொண்டே ஓட்டினாள்.

"அம்மா, பாரேன்! பாக்கறியா?"

"பாக்கறேன்," என்றாள் நெலிடா, போனை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு.